கொடிக்காரன் வேலை

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்க வாய்ப்பில்லை. ரோந்துக் கப்பலில் உங்களோடு இளம் அதிகாரியாக இருந்து, பின்னாளில் கமாண்டராக ஓய்வு பெற்றவரின் மகள் நான். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன்.

அப்பா டிசம்பர் கடைசியில் காலமானார். மாரடைப்பு. காலையில் சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, பொத்தான்களை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "சாகறதுக்குக்கூட டிரெஸ் பண்ணிட்டுத்தான் உட்கார்ந்தார்" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

முன்னாள் அதிகாரிகள் சங்கம் தன் இதழுக்காக என்னிடம் ஒரு நினைவுக் கட்டுரை கேட்டிருக்கிறது. வீட்டில் இருந்த மனிதரைப் பற்றி என்னால் எழுத முடியும். விடுமுறையில் வந்தால் எனக்கு அவர்தான் தலை பின்னுவார்; கயிறு முறுக்கிப் பழகிய கை, மாலைவரை ஒரு முடி கலையாது. எங்கள் பள்ளிக்கூடக் காலணிகளுக்கு அவரே பாலீஷ் போடுவார். பெற்றோர் கூட்டத்துக்கு முதல் ஆளாகப் போய், பூட்டிய வகுப்பறை வாசலில் விறைப்பாக நிற்பார். ஆனால் கடலில் இருந்த மனிதரை எனக்குத் தெரியாது. உங்கள் முகவரியைச் சங்கத்தில் வாங்கினேன். அந்த நாட்களைப் பற்றிச் சில வரிகள் எழுதினால் உதவியாக இருக்கும்.

உங்கள் வேலை போகக் காரணமான அந்தப் படகு மோதலைப் பற்றி நீங்கள் எதுவும் எழுத வேண்டியதில்லை. பழையதைக் கிளறுவது என் நோக்கம் அல்ல. கட்டுரையிலும் அது வராது.

இப்படிக்கு,
கமாண்டரின் மகள்


பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். ஒருத்தர் மிக்ஸியைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டிருந்தார். "என்னங்க, ரிப்பேர் ஆகாதா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. உன் அப்பா போய்விட்டார் என்பதை நம்ப முடியவில்லை. எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

உன்னை நினைவில்லை என்று எப்படி எழுதினாய்? ஒரு நாள் கப்பலைச் சுற்றிப் பார்க்க வந்தவள், நான் சிக்னல் கொடிகளை வைக்கும் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாய். உன் அப்பா கட்டளை போட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் உன்னைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனது நான். ஒரு முழுக் கப்பலே அவர் சொன்னால் கேட்கும், நீ கேட்கவில்லை.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் இஸ்திரி. முன்னால் யாரும் சொல்ல மாட்டோம். ஒருமுறை புயல். எல்லோரும் கண்ட இடத்தில் குடலைக் கக்கிக்கொண்டு கிடக்கிறோம். இவர் மட்டும் "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். திரும்பி வரும்போது வேறு சட்டை, மடிப்புக் கலையாமல். "என்ன சார், வாந்தி எடுக்கவா போனீங்க?" என்றேன். "ஆமாய்யா. அதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்ல?" என்றார். அந்தப் புயலிலும் சிரித்தோம்.

கட்டுரைக்கு இதைப் போடு. மோதலை விடு. நீ சொன்னதே சரி.

அம்மா எப்படி இருக்கிறார்? உன் தம்பி கைக்குழந்தையாக இருந்தான், இப்போது அவனுக்கே வழுக்கை விழுந்திருக்கும். உனக்குப் பிள்ளைகள் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக நினைக்காதே. அவர் வீட்டில் என்னைப் பற்றிப் பேசுவாரா?

என்றும் அன்புள்ள,
கொடிக்காரன்


மார்ச் 3

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாந்தி எடுத்த கதைக்குச் சிரித்தார். அப்பா போனபின் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. நன்றி. தம்பிக்கு நீங்கள் சொன்னபடியே வழுக்கை.

கேட்டிருந்தீர்கள். பேசுவார். அடிக்கடி பேசுவார்.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும். இதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நான்கைந்து தாள்களைக் கிழித்துவிட்டேன்.

எனக்கு ஒரே மகன். பள்ளி முடித்து, தாத்தாவைப் போலக் கடற்படைக்கு விண்ணப்பித்தான். போன வாரம் மருத்துவப் பரிசோதனை. புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். இவன் கண்ணுக்கு அதில் எண்ணே தெரியவில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் வேறுபாடு காணாத கண். தேர்வு அங்கேயே முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "எனக்கு அப்படியே தாத்தா கண்ணுன்னு எல்லாரும் சொல்வீங்களேம்மா, அவர் எப்படி பாஸ் பண்ணார்?" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

இந்தக் குறை ஒரு ஆண்பிள்ளைக்கு அவன் தாய் வழியாகத்தான் வரும். என்னிடமிருந்து வந்திருக்கிறது. எனக்கு அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். எதையும் சோதிக்காமல் நம்புகிறவள் அல்ல நான். அம்மாவின் தம்பிகள் மூவரையும் வரிசையாக உட்காரவைத்து அந்த அட்டைகளைக் காட்டினேன். "என்ன இது, எல்கேஜி அட்மிஷனா?" என்று கேட்டுக்கொண்டே மூவரும் எல்லா எண்களையும் சரியாகச் சொன்னார்கள். இது நிரூபணம் ஆகாது. ஆனால் அதன்பிறகு எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது.

தக்காளி வாங்க அப்பா ஒரு நாளும் போனதில்லை. அவர் சட்டைகளை அம்மாதான் எடுத்து வைப்பார். காரில் போகும்போது சிக்னல் வந்தால், "சிவப்பு" என்று சொல்ல மாட்டார், "மேல எரியுது" என்பார். ஒருமுறை வெளியூரில் விளக்குகளைப் படுக்கை வாட்டத்தில் வைத்திருந்தார்கள். சாவியை அம்மாவிடம் நீட்டி, தலை வலிக்கிறது என்றார். அந்த ஊரில் இருந்தவரை அம்மாதான் ஓட்டினார்.

நேராகக் கேட்கிறேன். மோதிய அந்தப் படகின் விளக்கைப் பச்சை என்று சொன்னது யார்?

தங்கள்,
கமாண்டரின் மகள்


மார்ச் 15

அன்பு மகளே,

நீ இப்படி வந்து நிற்பாய் என்று நான் நினைக்கவில்லை. தெரியாது என்று எழுதலாமா என்று யோசித்தேன். என் மனைவி, "அந்தப் பொண்ணு மாமனுங்களையே வரிசையில உட்கார வச்சிருக்கு, உங்களை விடுமா?" என்றாள். சரி.

அவர் கண் எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். ஒரு சிவப்புக் கொடி காற்றில் கிழிந்துவிட்டது. நான் தைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "இது தையலாய்யா, முள்வேலி" என்று பிடுங்கிக்கொண்டு போய் அவரே தைத்துக் கொண்டுவந்தார். யந்திரம் தோற்றுப்போகும், அவ்வளவு நேர்த்தி. ஆனால் பச்சை நூல். யாரும் பார்க்கும் முன் பிரித்துவிட்டுச் சிவப்பு நூலால் தைத்தேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அந்தத் தையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் தையல் இல்லை என்று புரிந்துகொண்டார். பரீட்சை அட்டைகளை வரிசையாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு சேர்ந்ததாகப் பிறகு அவரே சொன்னார்.

அதிலிருந்து, அவருடைய முறை வரும்போதெல்லாம் நானும் மேல்தளத்தில் நிற்கும்படி ஏற்பாடு செய்துகொண்டோம். விளக்கு தெரிந்தால் நான் உரக்க நிறத்தைச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். அது கப்பலில் இருக்கிற வழக்கம்தான், யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. மற்றபடி அவரைப் போலக் கப்பல் ஓட்ட யாராலும் முடியாது, மகளே. அதை நீ நம்ப வேண்டும்.

அன்று அந்தி. விளக்கு ஏற்றும் நேரம். மழை பிடித்துக்கொண்டது. "என் மழைக்கோட்டை எடுத்துட்டு வாய்யா" என்றார். கீழே போனேன். போய்வர எத்தனை நேரம் ஆகும்? அதற்குள் வலது பக்கம் அந்த மீன்பிடிப் படகு. சுக்கான் பிடித்தவன் உள்ளே திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர் ஒருத்தர்தான் பார்த்தார். வலது பக்கம் பச்சை தெரிந்தால் அவன் விலகிப் போகிறான் என்று அர்த்தம், நாம் பாட்டுக்குப் போகலாம். சிவப்பு தெரிந்தால் அவன் நம் குறுக்கே வருகிறான், நாம்தான் திரும்பி வழிவிட வேண்டும். இவர் திருப்பவில்லை. நான் கோட்டோடு படியேறும்போது மரம் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

எல்லோரையும் தூக்கிவிட்டோம். ஒருத்தருக்குக் கால் முறிந்தது. படகு மூழ்கிவிட்டது.

விசாரணைக்கு முன் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நானாகத்தான் சொன்னேன். உண்மை வந்தால் பொய் சொல்லி வேலையில் சேர்ந்த குற்றமும் சேரும், சிறைக்கே போவார். நீ சின்னக் குழந்தை, உன் தம்பி மடியில். நான் இன்னும் கல்யாணம் ஆகாதவன். மேலே நான்தான் நின்றேன், பச்சை என்று நான்தான் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்தேன். வேலை போனது. பேசி வைத்திருந்த பெண் வீட்டாரும் நழுவிவிட்டார்கள். அதனால் என்ன, பிறகு வந்தவள் அவளைவிட மேல். (இதை அவளுக்கும் படித்துக் காட்டினேன். டீ கிடைத்தது.)

துறைமுக வாசலில் உன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "பிள்ளைங்களுக்கு விவரம் தெரியட்டும், நானே உட்கார வச்சுச் சொல்றேன். உன்னாலதான் சாப்பிடறோம்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார். அது போதும் சார் என்றேன். கொஞ்ச வருஷம் புத்தாண்டு வாழ்த்து வந்தது, பிறகு நின்றுவிட்டது. பெரிய பதவி, எத்தனை அலைச்சல். நான் குறையாக நினைக்கவில்லை.

அடிக்கடி பேசுவார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என் மனைவிக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டிவிட்டேன். பேர் சொல்லாமலாவது ஏதோ நல்லதாகச் சொல்லி வைத்திருக்கிறார் பார். என்ன சொல்வார்? அதை மட்டும் எழுது. கட்டுரையில் வேறு எதையும் எழுதாதே. அவர் பேர் அப்படியே இருக்கட்டும்.

அன்புள்ள,
கொடிக்காரன்


மார்ச் 24

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறேழு நாட்களாகிவிட்டன. வகுப்புக்குப் போகிறேன், கரும்பலகையில் எழுதுகிறேன், என்ன எழுதினேன் என்று தெரியவில்லை. நேற்று ஒரு மாணவி எழுந்து, "மேடம், இதே கணக்கை இப்பத்தான் போட்டீங்க" என்றாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும். இனிமையான ஒரு பொய்யை எழுதிவிடலாம். உங்கள் வயதில் ஒருவருக்கு அதுதான் செய்ய வேண்டிய காரியம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து உங்களுக்குத் துறைமுக வாசலிலேயே ஒரு பொய் வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொன்றை அனுப்ப என்னால் முடியவில்லை. அடிக்கடி பேசுவார் என்று நான் எழுதியது உண்மை. எப்படிப் பேசுவார் என்பதை எழுதாமல் விட்டேன்.

எங்கள் வீட்டில் "கொடிக்காரன் வேலை" என்று ஒரு பேச்சு உண்டு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தால் கொடிக்காரன் வேலை. தம்பி கணக்கில் ஒரு சுழியை விட்டால் கொடிக்காரன் வேலை. நான் சைக்கிளைப் பூட்டாமல் வந்துவிட்டால், "வந்துட்டாள்பா நம்ம கொடிக்காரன்" என்று அப்பா தட்டிலிருந்து நிமிராமல் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அதன் கதையையும் சொன்னார். கடலில் ஒருவன் சிவப்பைப் பச்சை என்றானாம், கவனமில்லாத ஒரே ஒரு நிமிடம், ஒரு படகே நொறுங்கியதாம், அவன் வேலையும் போனதாம். "அதனாலதான் சொல்றேன், கண்ணைத் திறந்து வச்சுக்கங்க." இது எங்களுக்கு அவர் நடத்திய பாடம். நான் தேர்வுத்தாள் திருத்தும்போதுகூட அதை நினைத்துக்கொள்வேன். என் மகனுக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்பதே தெரியாது. சாதாரணமாக எல்லோரும் சொல்கிற ஒரு வார்த்தை என்று நினைத்துப் பள்ளியிலும் சொல்லியிருக்கிறான்.

எங்களை உட்காரவைத்து அவர் எதுவும் சொன்னதில்லை. எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. விவரம் தெரிய இன்னும் எவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கும்?

அம்மாவிடம் கேட்டேன். அவருக்குக் கண் விஷயமே தெரியாது. "கடைக்குப் போகச் சோம்பேறித்தனம்னுதான் நினைச்சேன்" என்றார்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஊகித்தால் அவருக்குச் சாதகமாகத்தான் ஊகிப்பேன். தலை பின்னிவிட்ட கை அது.

மன்னிப்புக் கேட்பது என் உரிமை இல்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள்,
மகள்


மே 2

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் சரியில்லாததால் உடனே பதில் எழுத முடியவில்லை.

வேலை போனதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. அது நான் கொடுத்தது. விசாரணையில் ஒரு நாள் ஒரு வார்த்தை சொன்னேன், அது அங்கேயே முடிந்தது என்று நினைத்திருந்தேன். தினமும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் அதைப் பரிமாறியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் சிரித்திருக்கிறீர்கள். நீங்கள் பெட்டிக்குள் உட்கார்ந்து சிரித்ததைத்தான் இத்தனை வருஷம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்லுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லையே.

கட்டுரையில் எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். எழுதுங்கள்.

இப்படிக்கு,
எலெக்ட்ரிக் கடைக்காரர்


மே 14

அன்புள்ள ஐயாவுக்கு,

எழுதிவிட்டேன். இதழுக்கு அனுப்பும் முன் உங்களுக்கு அனுப்புகிறேன். முதல் பக்கம் முழுதும் காலணி, தலைப்பின்னல், பெற்றோர் கூட்டம், புயல். அவற்றில் ஒன்றையும் குறைக்கவில்லை, அவையும் நடந்தவைதான். மோதலைப் பற்றிய பகுதி இது. தவறு இருந்தால் திருத்துங்கள். அந்த மாலை மேல்தளத்தில் நான் இல்லை.

"என் தந்தைக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரிந்தன. அதை மறைத்தே பணியில் சேர்ந்தார். மோதல் நடந்த அந்தியில் படகின் விளக்கைத் தவறாகப் பார்த்தவர் அவர்தான். அவருடைய நண்பரான சிக்னல் வீரர் அப்போது மேல்தளத்திலேயே இல்லை. பழியைத் தன் மேல் எழுதிக் கொடுத்து வேலையை இழந்தார். என் தந்தை அந்தப் பொய்யால் பதவியில் நீடித்தார். அதோடு நிற்காமல், அந்த மனிதரையே கவனக்குறைவுக்கு உதாரணமாகத் தன் பிள்ளைகளுக்குக் காட்டினார். நாங்கள் அதைக் கற்றுக்கொண்டோம். அவர் நல்ல தகப்பன். இதைச் செய்தவரும் அவர்தான்."

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"செத்த மனுஷனால பதில் சொல்ல முடியாதுடி. உயிரோட இருக்கும்போது கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"அப்ப எனக்குத் தெரியாதேம்மா."

"தெரியாம இருந்தப்ப எல்லாரும் நல்லாத்தானே இருந்தோம்?"

"எல்லாரும் இல்லம்மா."

அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். தம்பி தொலைபேசியில், "இதனால யாருக்கு என்ன லாபம்னு சொல்லு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டான். சங்கச் செயலாளர், எதையும் குறைக்காமல் அப்படியே போடுகிறேன், ஆனால் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்கிறார். அது நீங்கள்தான். நீங்கள் வேண்டாம் என்றாலும் இதை நான் கிழிக்க மாட்டேன்.

தங்கள்,
மகள்


மே 25

அன்பு மகளுக்கு,

உன் அம்மா போனதைப் படித்துவிட்டு என் மனைவி, "அந்தப் பொண்ணுக்கு இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள். உன் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் இங்கே வந்து இரு. அவன் கண்ணுக்குத் தகுந்த வேலை எத்தனையோ இருக்கிறது. என் கடைக்கு மட்டும் வேண்டாம், ஒயர் நிறம் பார்க்க வேண்டியிருக்கும்.

ஒப்புதலைத் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்.

மோதலைப் பற்றி நீ எழுதியதில் திருத்தம் ஒன்றே ஒன்றுதான். நான்காவது வரியில் "அவருடைய நண்பரான" என்று போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டு, "அவரோடு வேலை பார்த்த" என்று மாற்று.

மீதி சரி. அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
எலெக்ட்ரிக் கடைக்காரர்